ஆட்டம் வேறு, அலைச்சல் வேறு: பழைய காரின் ஸ்டீயரிங்குக்கு எங்கே முதலில் செலவழிப்பது?

பழைய காரை ஓட்டிப்போய் "ஸ்டீயரிங் லூசாக இருக்கிறது" என்று சொன்னால், பட்டறைக்குப் பட்டறை வேறு வேறு பதில் கிடைக்கும். ஒருவர் ஸ்பேனரை எடுத்து ஸ்டீயரிங் பாக்ஸின் (வளையத்தின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பற்சக்கரப் பெட்டி) மேலிருக்கும் திருகைக் கால் சுற்று இறுக்கி, பத்து நிமிடத்தில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இன்னொருவர், முதலில் வீல் அலைன்மெண்ட் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்பார். மூன்றாமவர் டைராடு எண்டு (சக்கரத்தைத் திருப்பும் தண்டின் முனை மூட்டு), பால் ஜாயிண்ட் (குண்டும் கிண்ணமுமான மூட்டு), புஷ் (மூட்டுக்குள் இருக்கும் ரப்பர் அல்லது உலோக வளையம்) என்று பட்டியல் எழுதி நீட்டுவார். நான்காமவர் பாக்ஸையே மாற்றிவிடுவோம் என்பார்; பெட்டிக்குப் பதில் ரேக் எனும் பல்வெட்டிய நீளத் தண்டு உள்ள வண்டியென்றால் ரேக்கை. நான்குமே ஏதோ ஒரு வண்டிக்குச் சரியான பதில்தான். எந்த வண்டிக்கு எது, எதற்குப் பின் எது என்பதில்தான் பணம் மிச்சமாவதும் வீணாவதும் இருக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தரையில் தொடங்கி மேல்நோக்கிச் செலவழிக்க வேண்டும். முதலில் டயர், பிறகு மூட்டுகள், கடைசியில்தான் பாக்ஸ். ஊரில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர் தலைகீழ்.

செலவுக்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. இந்த ஒரே புகாருக்குள் இரண்டு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். அவற்றைப் பிரித்துவிட வேண்டும்.

ஒன்று, ஆட்டம். மெக்கானிக்குகள் 'ப்ளே' என்பார்கள். ஸ்டீயரிங் வளையம் திரும்புகிறது, சக்கரம் திரும்பவில்லை. இதை நின்ற இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். முன்சக்கரங்களை நேராக வைத்து வண்டியை நிறுத்துங்கள். கதவைத் திறந்து முன் டயரைப் பார்த்தபடி, ஒரு விரலால் வளையத்தை இடமும் வலமும் தள்ளுங்கள். டயர் அசையத் தொடங்கும் வரை வளையத்தின் விளிம்பு எத்தனை சென்டிமீட்டர் சும்மா ஓடுகிறது என்பதே ஆட்டத்தின் அளவு.

மற்றொன்று, அலைச்சல். நிறுத்திப் பார்த்தால் வளையத்தில் குறையே தெரியாது. அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதோ வண்டி ஒரு கோட்டில் நிற்காது. கொஞ்சம் இடம், திருத்தினால் கொஞ்சம் வலம் என்று ஓட்டுபவரின் தோளைக் களைக்க வைக்கும். இது பெரும்பாலும் டயர், சக்கரக் கோணங்கள், பின் அச்சின் புஷ் ஆகியவற்றின் வேலை. ஸ்டீயரிங் பாக்ஸைப் புதிதாகவே போட்டாலும் தீராது.

ஆட்டம் எவ்வளவு இருக்கலாம்? 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆவது விதி, ஸ்டீயரிங் வளையத்தில் 30 பாகைக்கு மேல் வெற்றோட்டம் இருக்கக் கூடாது என்கிறது. 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்தில் 30 பாகை என்றால் விளிம்பில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். அத்தனை ஆட்டத்தோடு நெடுஞ்சாலையில் எதிரே லாரி வரும்போது ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த விதியின் தாராளம் புரியும். பிரிட்டனில் ஆண்டுச் சோதனைக்கு வரும் கார்களில் அதே அளவு வளையத்துக்கு, பாக்ஸ் உள்ள வண்டிக்கு 75 மில்லிமீட்டர், ரேக் உள்ள வண்டிக்கு வெறும் 13 மில்லிமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டாவது கணக்குதான் எனக்கு உடன்பாடு. அது வண்டியின் வகையைப் பார்க்கிறது. பாக்ஸில் இயல்பாகவே சிறிது ஆட்டம் உண்டு. ரேக்கில் இரண்டு விரல் அகலம் ஆட்டம் வந்துவிட்டால் ஏதோ ஒன்று தேய்ந்துபோயிருக்கிறது என்று பொருள்.

எனவே உங்கள் வண்டியில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிரீமியர் பத்மினியில் வார்ம்-ரோலர் (திருகுப் பல்லும் அதில் உருளும் உருளையும்) வகைப் பாக்ஸ் இருக்கிறது. பழைய ஜீப் வகை வண்டிகளிலும் பாக்ஸ்தான். அம்பாசடரைப் பார்த்தால் அது இன்னும் பழைய ஆள் என்று தோன்றும், அதிலோ ரேக். மூல வடிவமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலேயே ரேக் இருந்தது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800இலும் ரேக். அம்பாசடர்க்காரரிடம் "பாக்ஸை இறுக்கிவிட்டேன்" என்று ஒருவர் பில் போட்டால், அவர் எதை இறுக்கினார் என்று தாராளமாகக் கேட்கலாம்.

இனி டயர். இங்கே பாதிச் சோதனைக்குக் காசே வேண்டாம். காற்றை, டயர் குளிர்ந்திருக்கும்போது, நான்கு சக்கரத்திலும் அளந்து சரியாக்குங்கள். முன்சக்கரங்களில் ஒன்றில் மட்டும் காற்று குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். பின்சக்கரங்களில் குறைந்தால் வால் ஆடுவதுபோல் அலையும். பிறகு முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். குணம் மாறினால் குற்றவாளி டயர். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ (டயரில் தரையைத் தொடும் வரிவெட்டுள்ள பகுதி) இன்னும் தேயவில்லை என்று பத்தாண்டு டயரை வைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் அதிகம். மாதம் இருமுறை மட்டும் வெளியே எடுக்கும் பழைய கார்களில் பூ தேயாது, ரப்பர்தான் கல்லாகிவிடும். அந்தக் கல்லுக்கு நேராக ஓடவும் தெரியாது, ஈரத்தில் நிற்கவும் தெரியாது.

பத்மினியும் அம்பாசடரும் முதலில் வந்தது நைலான் இழைக் குறுக்கடுக்கு டயர்களோடு. பத்மினிக்கு 5.20-14, அம்பாசடருக்கு 5.90-15. அந்த டயர்கள் சாலையில் உள்ள நீளவாட்டுத் தடங்களைப் பிடித்துக்கொண்டு ஓடும் குணமுள்ளவை. அதே ரிம்முக்குப் பொருந்தும் ரேடியல் டயர் நான்கையும் ஒருசேரப் போட்டாலே வண்டி பாதி திருந்திவிடும். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.

சோதனை ஓட்டத்துக்கு இடமும் முக்கியம். நம் இருவழிச் சாலைகள் மழைநீர் வடிவதற்காக நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரிந்திருக்கும்; கையை விட்டால் எந்தக் காரும் மெல்ல இடப்பக்கம் போகத்தான் செய்யும். அதற்காக அலைன்மெண்ட் கடையோடு சண்டை போடக் கூடாது. ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கும்போது வண்டி ஆடியது என்றால் அது காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று. காரின் மேல் குற்றமில்லை.

அடுத்தது மூட்டுகள். ஆட்டம் உள்ள வண்டிகளில் பணம் போய்ச் சேர வேண்டிய இடம் பெரும்பாலும் இதுதான். ஒரு சின்னக் கணக்கு: சக்கரத்தைத் திருப்பும் கை ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர் நீளம், ஸ்டீயரிங் விகிதம் 16க்கு 1 (வளையம் 16 பாகை திரும்பினால் சக்கரம் 1 பாகை) என்று வைத்துக்கொள்வோம். ஒரு டைராடு எண்டில் ஒரே ஒரு மில்லிமீட்டர் தேய்மானம் இருந்தால், அது வளையத்தின் விளிம்பில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வெற்றோட்டமாக வந்து நிற்கும். நகத்தின் தடிமன் அளவுத் தேய்மானம், கையில் இரண்டு விரல் ஆட்டம். பத்மினி போன்ற பாக்ஸ் வண்டியில் பாக்ஸிலிருந்து வரும் கையான ட்ராப் ஆர்ம், நடுத்தண்டு, மறுபக்கம் அதைத் தாங்கும் கையான ஐட்லர் ஆர்ம், இரு பக்கமும் டைராடுகள் என்று மூட்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போனாலே போதும், பாக்ஸ் பழியை ஏற்றுக்கொள்ளும்.

கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு குழியோ சாய்தளமோ வேண்டும். சக்கரங்கள் தரையில் அழுந்தியிருக்க வேண்டும், ஜாக்கியில் தூக்கக் கூடாது. தூக்கினால் சக்கரம் எளிதாகத் திரும்பிவிடும், மூட்டின் ஆட்டம் வெளியே தெரியாது. மேலே இருப்பவர் வளையத்தை வேகமாக, சின்னதாக, இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். கீழே இருப்பவர் ஒவ்வொரு மூட்டின் மீதும் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் குறுக்காக வைக்க வேண்டும். ஒரு விரல் தண்டின் மேல், மற்றது அது போய்ச் சேரும் கையின் மேல். நல்ல மூட்டில் இரண்டு விரலும் ஒரே நேரத்தில் நகரும். தேய்ந்த மூட்டில் ஒன்று முந்தும், மற்றது ஒரு கணம் நின்று, சின்னத் 'டொக்'கோடு பின்தொடரும். கண்ணைவிட விரலே இங்கே நல்ல சாட்சி. கிரீஸும் மண்ணும் மூடிய மூட்டில் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது.

ஐட்லர் ஆர்மைத் தனியாகப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பட்டறைகள் மறந்துவிடும் பகுதி இது. டைராடு எண்டு நான்கையும் மாற்றிவிட்டு, இது மட்டும் பழையதாகத் தொங்கிக்கொண்டிருப்பதைப் பல பத்மினிகளில் காணலாம்.

அதே சமயத்தில் பாக்ஸிடமும் மூன்று இடங்களில் பார்த்துவிடுங்கள். உள்ளே போகும் தண்டு திரும்பியும் ட்ராப் ஆர்ம் காத்திருந்தால் தேய்மானம் பாக்ஸுக்குள். வளையம் திரும்பியும் அந்தத் தண்டே காத்திருந்தால் மேலே ஸ்டீயரிங் காலத்தின் (வளையத்திலிருந்து கீழே இறங்கும் தண்டு) இணைப்பில். ரப்பர் கப்ளிங் உள்ள வண்டியில் அது கிழிந்திருக்கலாம். பாக்ஸின் உடலே அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது அது நிற்கும் தகடு துருப்பிடித்து விரிசல் விட்டிருக்கிறது. கடைசியில் சொன்னதை நேரில் கண்டால் மற்ற ஆராய்ச்சிகளை நிறுத்திவிட்டு வெல்டிங் செய்பவரைத் தேடுங்கள்.

பிறகு ஜாக்கி. ஒவ்வொரு முன்சக்கரத்தையும் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, கடிகாரத்தின் 9க்கும் 3க்கும் பிடித்து ஆட்டினால் டைராடு, ரேக் எண்டு தெரியும். 12க்கும் 6க்கும் பிடித்து ஆட்டினால் பேரிங்கோ பால் ஜாயிண்டோ கிங்பின்னோ (பழைய வண்டிகளில் சக்கரம் திரும்பும் செங்குத்து அச்சாணி) தெரியும். இவற்றைப் பிரிக்க ஒரு பழைய உத்தி உண்டு: உள்ளே ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கும்போது மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். அதை இறுக்கவோ மாற்றவோ அதிகச் செலவில்லை. மறையாமல் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது கிங்பின்.

கிங்பின் என்றால் லேத் பட்டறையில் புஷ் போட்டு ரீமர் அடிக்கும் வேலை, கொஞ்சம் செலவு. பால் ஜாயிண்ட் என்றால் தயங்காமல் புதிது. சில இடங்களில் பழைய பால் ஜாயிண்டைப் பிரெஸ்ஸில் அழுத்தி, விளிம்பைத் தட்டி, "டைட்டாகிவிட்டது" என்று தருவார்கள். ஆட்டம் போகும், உண்மை. கிண்ணம் உள்ளே தேய்ந்தபடியேதான் இருக்கும். குண்டு கிண்ணத்திலிருந்து கழன்றால் சக்கரம் மடிந்து விழும். நூறு, இருநூறு ரூபாய் மிச்சத்துக்கு இது தகாது.

மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதில் முன்னால் குறுக்கே ஓடும் ஸ்டெபிலைசர் தண்டுதான் கீழ்க் கையை முன்பின் நகராமல் பிடித்துவைக்கிறது. அதன் புஷ் நைந்தால் பிரேக் அடிக்கும்போது ஒரு சக்கரம் பின்னே நகரும், வண்டி ஒரு பக்கம் திரும்பும். பிரேக்கைக் குறை சொல்லி ஷூவை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மலிவான ரப்பர்த் துண்டு. அதை முதலில் பாருங்கள். ரேக்குக்கும் இதேபோல் ஒரு மலிவுச் சந்தேகம் உண்டு. ரேக்கை உடலோடு பிடிக்கும் கிளாம்பின் ரப்பர் போனால், வளையத்தைத் திருப்பும்போது ரேக் முழுவதும் ஒரு பக்கம் நகர்ந்துவிட்டுத்தான் சக்கரத்தைத் தள்ளும். ரேக்கையே மாற்றச் சொன்ன வண்டிகளில் சில, இந்த ரப்பரோடு வீட்டுக்குத் திரும்பியிருக்கின்றன.

பின்னால் இருப்பதையும் விட்டுவிட வேண்டாம். பத்மினி, அம்பாசடர் இரண்டிலும் பின் அச்சைப் பட்டைவில் பிடித்திருக்கிறது. அதன் புஷ்ஷோ 'யூ' போல்ட்டோ தளர்ந்தால் பின் அச்சு தானாகக் கொஞ்சம் திரும்பும்; முன்னால் என்ன செய்தும் அலைச்சல் தீராது.

அலைன்மெண்ட் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. தேய்ந்த மூட்டுகளோடு அலைன்மெண்ட் பார்ப்பது வீண் செலவு. கம்ப்யூட்டர் காட்டும் எண், அந்த நிமிடத்தில் தளர்ந்த மூட்டு எங்கே சாய்ந்திருந்ததோ அதன் எண். வண்டி கடைவாசலைத் தாண்டியதும் அது வேறாகிவிடும். ஆகவே அலைன்மெண்ட் மூட்டு வேலைக்குப் பிறகு. ஆனால் மூட்டுகள் நன்றாக இருந்து அலைச்சல் மட்டும் இருந்தால் அதுவே முதல் செலவு. டயரின் பூவின் மேல் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளுக்கும், உள்ளிலிருந்து வெளிக்கும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பும் மறு திசையில் ரம்பப் பற்களும் தட்டுப்பட்டால் டோ (முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) கெட்டிருக்கிறது. டோ வெளிப்பக்கம் விரிந்திருந்தால் வண்டி நேர்கோட்டில் நிற்காது.

கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்திருந்தாலும் அலையும். திருப்பத்தில் வளையத்தை விட்டால் அது தானாக நேராகத் திரும்பவும் மறுக்கும். பின்பக்கம் தாழ்ந்துவிட்டது என்று பட்டைவில்லில் கூடுதல் பட்டை சேர்த்து உயரமாக்கிய கார்களில் கேஸ்டர் குறைந்துபோவது சகஜம். வால் உயர்ந்தால் முன்சக்கரத்தின் சாய்வு குறையும். அதனால் அலைன்மெண்ட் கடையில் டோவை மட்டும் சரிசெய்து அனுப்பவிடாதீர்கள். கேஸ்டர் எண்ணையும் அச்சடித்துக் கேளுங்கள். இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். டைராடு எண்டை வீட்டருகே மாற்றுகிறீர்கள் என்றால் பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிவைத்து, புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றுங்கள். கடை வரைக்கும் வண்டி ஒழுங்காகப் போய்ச் சேரும்.

இப்போது அந்தப் பத்து நிமிடத் திருகு. எல்லாவற்றிலும் மலிவு, எல்லாவற்றிலும் அதிகக் கெடுதல் செய்ததும் அதுதான். நாம் ஓட்டுவதில் பெரும்பகுதி நேர்சாலை. அதனால் பாக்ஸுக்குள் வார்மும் ரோலரும் நடுவில்தான் அதிகம் தேயும். இரு கடைசிகளிலும் புதிதாகவே இருக்கும். நடுவில் ஆட்டம் போகும் வரை இறுக்கினால், வளையத்தைச் சற்றுத் திருப்பியதும் தேயாத இடம் வந்து சிக்கும். அதைவிட மோசம், மூட்டுகளின் ஆட்டத்தைப் பாக்ஸின் தலையில் கட்டி இறுக்குவது. இறுகிய பாக்ஸ் தானாக நடுவுக்கு வராது. ஓட்டுபவர் திருத்துவார், அது கொஞ்சம் கூடிவிடும், எதிர்த் திசையில் திருத்துவார். லூசாக இருக்கிறது என்று போன வண்டி, ஆட்டம் போய் அலைச்சலோடு திரும்பும்.

இறுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. மூட்டுகள் அனைத்தும் சரியான பிறகு, ட்ராப் ஆர்ம் காத்திருப்பதைக் கண்ணால் கண்ட பிறகு, முன்சக்கரங்களைத் தூக்கி, வளையம் நேராக இருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கலாம். ஒவ்வொரு முறையும் வளையத்தை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை சுற்றிப் பாருங்கள். எங்காவது கனத்தால் உடனே பின்வாங்குங்கள். அதற்கும் முன்னால் பாக்ஸில் கியர் ஆயில் இருக்கிறதா பாருங்கள். சீல் கசிகிறது என்று ஆயிலுக்குப் பதில் கிரீஸை அடைத்துவைக்கும் வழக்கம் உண்டு. கிரீஸ் பற்களிலிருந்து ஒதுங்கினால் திரும்பி வராது. பற்கள் உலர்ந்து தேயும். ரேக்கில் இந்தத் திருகுக்கு இணையானது பினியனுக்கு (ரேக்கை நகர்த்தும் சிறு பற்சக்கரம்) எதிரே ஸ்பிரிங் வைத்து ரேக்கை அழுத்தும் பகுதி. அதற்கும் இதே எச்சரிக்கைதான்.

மிஞ்சுவது பாக்ஸையோ ரேக்கையோ முழுதாகப் பார்ப்பது. வலப்பக்க ஸ்டீயரிங் காரில் பினியன் வலப்பக்கம் இருக்கும். எனவே இடப்பக்க முனையின் புஷ்தான் ரேக்கைத் தாங்குகிறது. அந்தப் பக்கத்து ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளி, ரேக் தண்டை மேலும் கீழும் ஆட்டுங்கள். அங்கே மட்டும் ஆட்டம் என்றால் புஷ் மாற்றினால் போதும். உறை கிழிந்து தண்ணீர் புகுந்து, பற்கள் இருக்கும் பக்கம் துருப்பிடித்திருந்தால் ரேக்கை மாற்றிவிடுங்கள். துருப்பிடித்த பல்லைப் பழுதுபார்க்க முடியாது. மாருதி 800க்கு ரேக் கிடைப்பது கடினமில்லை என்பதால் அங்கே இந்த முடிவு எளிது.

பத்மினி போன்ற பாக்ஸ் வண்டிக்காரர்களுக்குச் சிக்கல் இங்கேதான். புதிய பாக்ஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் இருப்பதைக் கழற்றிப் பேரிங், புஷ், சீல் மாற்றி மீட்பது ஒரு வழி. சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடத்தில் பழையது வாங்கிப் போடுவது இன்னொரு வழி. நான் முதல் வழிக்கே ஓட்டுப் போடுவேன். உங்கள் பாக்ஸின் தேய்மானம் உங்களுக்குத் தெரியும், கடைக்காரர் பாக்ஸின் தேய்மானம் அவருக்கும் தெரியாது. உங்கள் வார்மில் பள்ளம் விழுந்திருந்தால்தான் இரண்டாவது வழி. அப்போது பாக்ஸைக் கையில் வாங்கி, ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை எத்தனை சுற்று என்று எண்ணி, பாதியில் நிறுத்துங்கள். அந்த நடு இடத்தில் தண்டை மெல்ல முன்பின் திருப்புங்கள். மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தாலோ, நடுவில் தொளதொளவென்றும் ஓரத்தில் இறுக்கமாகவும் இருந்தாலோ, அது உங்கள் வீட்டில் இருக்கும் பாக்ஸேதான்; விலை கொடுத்து இன்னொன்று வேண்டாம்.

இவை எதுவும் வேண்டாம், பத்மினிக்கு வேறு காரின் ரேக்கையே பொருத்திவிடலாம், மின்சாரப் பவர் ஸ்டீயரிங் போட்டுவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. ரேக்கின் நீளமும் உயரமும் சஸ்பென்ஷன் கைகளோடு ஒத்துப்போகாவிட்டால், பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் சக்கரம் தானாகத் திரும்பும். அலைச்சலை விலைக்கு வாங்கியது போலாகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதும் விபத்துக் காப்பீடு கேட்கும் நாளில் நினைவுக்கு வரும். பவர் ஸ்டீயரிங் கையின் பாரத்தைக் குறைக்குமே தவிர, தேய்ந்த மூட்டில் ஒரு மில்லிமீட்டரைக்கூடக் குறைக்காது. அந்தப் பணத்தில் ஐட்லர் ஆர்ம், டைராடு எண்டு, நான்கு ரேடியல் டயர், ஒரு அலைன்மெண்ட் எல்லாம் முடிந்துவிடும். அதற்கு மேலும் ஆட்டம் இருந்தால் பாக்ஸைக் கழற்றச் சொல்லுங்கள்.